தடுமாறாமல் வாசிக்கிறாள், ஆனால் ஏன் புரியவில்லை?

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்ப் பாடத்தைத் தடுமாறாமல் சத்தமாக வாசிக்கிறாள். டீச்சரும் 'நல்லா வாசிக்கிறா' என்றுதான் சொல்கிறார். ஆனால் வாசித்து முடித்ததும் 'என்ன கதைம்மா?' என்று கேட்டால் முழிக்கிறாள். அவளாகக் கதைப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த புத்தகங்கள் அப்படியே கிடக்கின்றன. என் மாமியார் ராத்திரி கதை சொன்னால் மட்டும் தூங்காமல் கேட்டு, மறுநாள் அதை அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். செல்போன் பார்த்துப் பார்த்துக் கவனம் சிதறிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். அதுதான் காரணமா? வாசிப்பில் அவளுக்கு ஆசை வர நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நல்ல கேள்வி கேட்பவர்கள் பல நேரம் விடையில் பாதியையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள். நீங்களும் அனுப்பியிருக்கிறீர்கள். மாமியார் சொன்ன கதையை மகள் மறுநாள் திருப்பிச் சொல்கிறாள் என்று போகிறபோக்கில் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு கதையைப் பின்தொடரவும், நினைவில் வைக்கவும், வரிசை பிசகாமல் எடுத்துச் சொல்லவும் அவளுக்கு நன்றாகவே தெரிகிறது. ஆகவே கவனக்குறைவு, ஞாபகமறதி, சோம்பல் என்று எந்தப் பழியையும் அவள்மேல் போட வேண்டாம்.

செல்போனைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அது நேரத்தைத் தின்னும் என்பது உண்மை. மாலையில் 1 மணி நேரம் வீடியோ பார்க்கிற பிள்ளைக்கு அந்த 1 மணி நேரம் புத்தகத்துக்குக் கிடைக்காது. அந்த நேரத்தைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் செல்போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிய மறுநாளே பாடம் புரிந்துவிடாது. பாட்டியின் கதையைத் தூங்காமல் கேட்கிற பிள்ளைக்குக் கவனம் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்ததும் அந்தக் கவனம் எங்கே செலவாகிறது என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

இதைவிடப் பரவலான தவறான எண்ணம் ஒன்று உண்டு. பிள்ளை தடுமாறாமல் சத்தமாக வாசித்துவிட்டால் வாசிக்கக் கற்றுக்கொண்டாயிற்று என்று நினைக்கிறோம். பெற்றோர் மட்டுமல்ல, நம் பள்ளிகளும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கின்றன. ஒருவர் சத்தமாக வாசிப்பது நம் காதில் விழுகிறது, அதனால் அதை அளப்பது எளிது. புரிந்துகொள்வது காதில் விழாது. 2005 முதல் ஊரகப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் 'அசர்' ஆய்விலும், பிள்ளை எழுத்தை, சொல்லை, பத்தியை, சிறு கதையைச் சத்தமாக வாசிக்கிறதா என்பதே முக்கியமான சோதனை. முதல் படியை அறிய அது மிகவும் பயனுள்ள சோதனை. ஆனால் முதல் படியோடு வாசிப்பு முடிந்துவிடுவதில்லை.

சரி, வாசிப்பு என்பதுதான் என்ன? 1986-ல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது இரண்டு திறன்களின் பெருக்கல். ஒன்று எழுத்தொலிப்பு, அதாவது எழுத்தைப் பார்த்து அதற்குரிய சொல்லை ஒலிப்பது. மற்றொன்று மொழிப்புரிதல், அதாவது அந்தச் சொற்களை யாராவது சொல்லக் கேட்டால் பொருள் பிடிப்பது. இங்கே கவனிக்க வேண்டியது பெருக்கல் என்பதைத்தான். கூட்டலாக இருந்தால் ஒன்றில் குறைந்ததை இன்னொன்று ஈடுகட்டிவிடும். பெருக்கலில் அப்படி நடக்காது. ஒரு பக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மறுபக்கம் பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் விடையும் பூஜ்யத்துக்கு அருகில்தான் இருக்கும்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. நம் எழுத்து 247 என்று கேட்டதும் மலைப்பாக இருக்கும். உண்மையில் 12 உயிரும் 18 மெய்யும் அவை சேரும் விதமும் பிடிபட்டுவிட்டால் மிச்சமெல்லாம் ஒரு ஒழுங்கில் வந்துவிடும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு விதமாக ஒலித்துப் பிள்ளையைப் பல ஆண்டுகள் அலைக்கழிக்கும். தமிழில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு. எழுத்துகளைச் சரியாகக் கற்ற பிள்ளை, தான் அதுவரை கேட்டேயிராத சொல்லையும் ஒலித்துவிட முடியும். இது பெரிய வசதி. ஏமாற்றுவதும் இதே வசதிதான். பொருள் ஒரு துளியும் தெரியாமல் ஒரு பக்கம் முழுவதையும் ஒரு பிள்ளை தமிழில் அழகாக ஒலித்துவிட முடியும். உங்கள் மகள் வாசிக்கும்போது நீங்களும் டீச்சரும் கேட்பது இந்த ஒலியைத்தான்.

வெறும் ஒலியா, புரிந்த சொல்லா என்று கண்டுபிடிக்கக் காது கொடுத்துக் கேட்டாலே போதும். 'பம்பரம்' என்ற சொல்லில் இரண்டு 'ப' இருக்கின்றன. முதல் 'ப' அழுத்தமாக ஒலிக்கும், 'ம்' என்ற எழுத்துக்குப் பின் வரும் இரண்டாவது 'ப' மெலிந்து ஒலிக்கும். பம்பரம் விட்டு விளையாடிய பிள்ளை இதை யாரும் சொல்லித்தராமலே சரியாக வாசிக்கும். பழகாத ஒரு சொல்லில் இரண்டு இடத்திலும் ஒரே அழுத்தத்தோடு, எழுத்தெழுத்தாக அடுக்கியதுபோல ஒலித்தால், சொல்லை அடையாளம் காணாமல் எழுத்தை மட்டும் ஒலிக்கிறாள் என்று அர்த்தம். முற்றுப்புள்ளியைக் கவனிக்காமல் அடுத்த வாக்கியத்துக்குள் ஓடுவதும், கேள்வி வாக்கியத்தைக் கேள்வியாக ஒலிக்காமல் ஒரே சுரத்தில் சொல்வதும் இதே அறிகுறிதான்.

இப்போது காரணங்களுக்கு வருவோம். மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதல் இடம், ஒலிப்பதற்கே ஆகும் உழைப்பு. பேசுவதற்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. பிள்ளை கேட்டுக் கேட்டே பேசிவிடுகிறது. எழுத்து அப்படியல்ல. மனிதன் எழுதத் தொடங்கி ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. மூளையில் வாசிப்புக்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. முகத்தையும் பொருளையும் அடையாளம் காணும் பகுதிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு பகுதியை மூளை எழுத்துக்காகப் பழக்கி எடுக்கிறது என்று பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் விரிவாக விளக்கியிருக்கிறார். அந்தப் பழக்கம் படிய நாளாகும். 'கொ' என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக்கொம்பு, வாய்க்கு முதலில் வர வேண்டியது 'க்'. துணைக்காலையும் பார்த்த பிறகுதான் அது 'கெ' அல்ல, 'கொ' என்றே முடிவாகும். நமக்கு இதெல்லாம் கண்சிமிட்டும் நேரத்தில் நடந்துவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு சின்ன வேலை.

நம் மனதில் செயல்நினைவு என்று ஒன்று உண்டு. இப்போது செய்துகொண்டிருக்கும் காரியத்துக்கு வேண்டியதைச் சில நொடிகள் மட்டும் தாங்கி வைத்திருக்கும் இடம் அது. அதன் கொள்ளளவு மிகச் சிறியது. எழுத்தை ஒலிப்பதிலேயே அது நிறைந்துவிட்டால் பொருளுக்கு இடம் மிஞ்சாது. புள்ளிக் கோலம் புதிதாகப் பழகுகிறவர் புள்ளியை எண்ணி எண்ணிக் கம்பி இழுக்கும்போது கோலத்தின் வடிவம் அவர் கண்ணில் படுவதில்லை அல்லவா, அதுபோலத்தான். கை பழகிய பிறகே வடிவம் தெரியும். அதிலும் தமிழில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று ஒரே சொல்லுக்குள் பல துண்டுகள் கோர்த்திருக்கும். சொல்லின் கடைசித் துண்டுக்கு வந்து சேர்வதற்குள் தொடக்கம் மறந்துபோவது சிறு பிள்ளைக்கு இயல்பு.

இரண்டாவது இடம்தான் உங்கள் மகள் விஷயத்தில் முக்கியமானது என்று நினைக்கிறேன். நாம் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் எழுதியிருக்கும் தமிழ் இன்னொன்று. மொழியியலில் இதை இரட்டை வழக்கு என்பார்கள். ஒரே மொழி வீட்டுக்கு ஒரு வடிவமும் ஏட்டுக்கு ஒரு வடிவமுமாக இருப்பது அது. சார்லஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1959-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் இது விரிவாக ஆராயப்பட்டது. ஒரு சிறு எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

புத்தகத்தில் இப்படி இருக்கும்: பறவைகள் மரத்தில் அமர்ந்திருந்தன. வேடன் வருவதைக் கண்டதும் அவை பறந்து சென்றன.

பாட்டி இப்படிச் சொல்வார்: பறவைங்க மரத்துல உக்காந்துட்டு இருந்துச்சு. வேடன் வர்றதப் பாத்ததும் பறந்து போயிருச்சு.

'வேடன்', 'பறந்து' ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் மாறியிருக்கிறது. 'உக்காந்து' என்று தெரிந்த பிள்ளைக்கு 'அமர்ந்து' புதிய சொல். 'பாத்ததும்' என்று தெரிந்த பிள்ளைக்கு 'கண்டதும்' புதிது. 'சென்றன' என்ற முடிவு நம் பேச்சில் கிடையவே கிடையாது. ஒரு பறவை போனாலும் 'போயிருச்சு', பத்துப் பறவை போனாலும் 'போயிருச்சு'தான். 'அவை' என்றால் முன்னால் சொன்ன பறவைகள்தான் என்பதையும் பிள்ளையே முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். படித்துப் பழகிய நமக்கு இரண்டும் ஒன்றே என்று தோன்றும். அவளுக்கு அப்படித் தோன்றக் காரணமில்லை. பாட்டி கதை அவளுக்குத் தெரிந்த மொழியில் வருகிறது. புத்தகக் கதை, பாதி தெரிந்த மொழியில் வருகிறது. கதையே பிடிக்காத பிள்ளை இல்லை அவள். அந்த மொழி இன்னும் அவள் காதில் போதிய அளவு விழவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது இடம், சொல்லப்படும் விஷயத்தில் பிள்ளைக்கு முன்பே இருக்கும் பழக்கம். 1988-ல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் 7, 8-ஆம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். வாசித்ததைச் சிறிய மாதிரி மைதானத்தில் பொம்மை ஆட்டக்காரர்களை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டியாக இருந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். நம் ஊருக்கும் இது பொருந்தும். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டுக்குட்டி பற்றிய பாடம் சட்டென்று விளங்கும். கடலையே பார்க்காத பிள்ளைக்குக் கலங்கரை விளக்கம் பற்றிய பாடம் வெறும் எழுத்தாக நிற்கும். சந்தைக்கும் தோட்டத்துக்கும் தபால் நிலையத்துக்கும் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பார்த்ததைப் பற்றிப் பேசுவதும் வாசிப்புக்குச் செய்யும் உதவிதான்.

இந்த மூன்றில் உங்கள் மகளை எது தடுக்கிறது என்று நீங்களே வீட்டில் கண்டுபிடிக்கலாம். அவள் இதுவரை படிக்காத, ஒரே அளவுள்ள மூன்று சின்னக் கதைகளை எடுத்து வையுங்கள். ஒரே கதையை மூன்று முறை பயன்படுத்தினால் பழகிப்போய்விடும், விடை தெளிவாகக் கிடைக்காது.

முதல் நாள், ஒரு கதையை அவளே மனதுக்குள் வாசிக்கட்டும். சத்தமாக வேண்டாம். சத்தமாக வாசிக்கும்போது உச்சரிப்பு பிசகக் கூடாது, அம்மா திட்டக் கூடாது என்பதிலேயே பல பிள்ளைகளின் கவனம் போய்விடும். முடித்ததும் 'என்ன நடந்துச்சு, சொல்லு' என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டாம் நாள், இன்னொரு கதையை அதில் உள்ளபடியே, ஒரு சொல்லையும் பேச்சுக்கு மாற்றாமல், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அதே கேள்வியைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள், மூன்றாவது கதையைப் பாட்டி சொல்வதுபோலப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். அதே கேள்வி.

மனதுக்குள் வாசித்த கதையையே நன்றாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை சத்தமாக வாசிக்கும் பழக்கத்தில்தான் இருந்திருக்கிறது. அதற்கு வேறு வைத்தியமே தேவையில்லை. இரண்டாம் நாள் புரிந்து, முதல் நாள் புரியாமல் போனால் ஒலிப்பதற்கு ஆகும் உழைப்பு இன்னும் குறையவில்லை. மூன்றாம் நாள் மட்டும் புரிந்தால் எழுத்துத் தமிழ் இன்னும் பழகவில்லை. மூன்று நாளும் புரியவில்லை என்றால் கதை சொல்லும் விஷயமே அவளுக்கு அந்நியமாக இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மூன்றாம் நாள் அவள் கண்டிப்பாக மடமடவென்று சொல்லுவாள். நமக்கு விடை தருவது இரண்டாம் நாள்.

ஒலிப்பதில் உழைப்பு அதிகம் என்று தெரிந்தால் எளிய புத்தகம் நிறையக் கொடுங்கள். கடினமான புத்தகத்தைக் கொடுத்தால் சீக்கிரம் முன்னேறுவாள் என்பது தவறு. ஒரு சொல்லைப் பிள்ளை தானே சரியாக ஒலித்துக் கண்டுபிடிக்கும்போது அதன் வடிவம் மனதில் பதிகிறது, சில முறை சந்தித்ததும் அதைப் பார்த்தவுடனே அறிந்துகொள்கிறது. இஸ்ரேலிய ஆய்வாளர் டேவிட் ஷேர் 1995-ல் இதைத் தன்கற்றல் என்று விளக்கினார். அதாவது, வாசிக்கிற செயலே அடுத்த வாசிப்புக்கு ஆசிரியராகிவிடுகிறது. ஒரே புத்தகத்தைப் பத்து முறை வாசிக்கிறாள் என்றால் தடுக்காதீர்கள், அவளுக்கு வேண்டியது அதுதான். புத்தகம் தோதானதா என்று பார்க்க ஐந்து விரல் கணக்கு உதவும். ஏதாவது ஒரு பக்கத்தை வாசிக்கட்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போது அவள் தனியே வாசிப்பதற்கானதல்ல, நீங்கள் வாசித்துக் காட்டுவதற்கானது.

எழுத்துத் தமிழ் பழகவில்லை என்று தெரிந்தால் மருந்து ஒன்றே. வாசித்துக் காட்டுங்கள். தினமும் 15 நிமிடம் போதும். பாட்டி கதை சொல்வதை நிறுத்த வேண்டாம், அது கதையுணர்வுக்கு உரம். அதோடு சேர்த்து, புத்தகத்தில் உள்ள தமிழும் நாள்தோறும் அவள் காதில் விழ வேண்டும். நடிப்போடு, குரலை ஏற்றி இறக்கி வாசியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிக்கொண்டே போகாதீர்கள், மாற்றினால் அவள் அதற்காகவே காத்திருக்கத் தொடங்கிவிடுவாள். 'அவை பறந்து சென்றன' என்று வாசிக்கும்போது படத்தில் பறவைகளைத் தொட்டுக் காட்டுங்கள், போதும். கதையின் ஓட்டத்திலேயே பொருள் பிடிபடும். அப்படியும் தடுக்கிற ஓரிரு சொல்லுக்கு மட்டும் ஒரு வரியில் விளக்கம் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

இங்கே பல பெற்றோர் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் 'இனி நீயே வாசி' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் தொடக்கப் பள்ளி முழுவதும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகும்கூட, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் தானே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனுக்கு வெகு முன்னால் நிற்கிறது. ஒன்றாம் வகுப்புக்கான புத்தகத்தைத் தானே வாசிக்கும் பிள்ளை நான்காம் வகுப்புக் கதையைக் கேட்டு ரசிக்கும். நாம் வாசித்துக் காட்டுவதை நிறுத்தினால் அந்தப் பெரிய கதைகள், அவற்றின் சொற்கள், அவற்றின் வாக்கியங்கள் எல்லாம் ஒரே நாளில் அவளுக்கு அடைபட்டுவிடும். கையில் எஞ்சுவது வயதுக்குச் சற்றும் பொருந்தாத சின்னச் சின்ன வாக்கியங்கள். அதில் ஆசை எப்படி வரும்? உங்கள் வீட்டில் பிறந்தநாள் புத்தகங்கள் சும்மா கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

வாசித்துக் காட்டும்போது எப்படிப் பேசுகிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவரது குழுவினரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்தார்கள். வெறுமனே வாசித்துப் போகாமல், இடையிடையே திறந்த கேள்வி கேட்பதும், பிள்ளை சொன்னதைப் பெரிதாக்கித் திருப்பிச் சொல்வதும்தான் பயிற்சி. ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சுமொழி மற்றவர்களைவிட முன்னேறியது. உரையாடல் வாசிப்பு என்று இதற்குப் பெயர். எட்டு வயதிலும் இதே முறையைக் கைக்கொள்ளலாம். 'வேடன் பேர் என்ன?' என்று கேட்டால் அது பரீட்சை. 'நீ அந்தப் பறவையா இருந்தா என்ன பண்ணியிருப்ப?' என்று கேட்டால் அது பேச்சு. முதல் வகைக் கேள்வியைப் பள்ளிக்கு விட்டுவிடுங்கள், வீட்டுக்கு இரண்டாவது வகை போதும். 'என்ன கதைம்மா?' என்று நீங்கள் கேட்கும்போது முழிக்கிற பிள்ளை, தப்பாகிவிடுமோ என்று பயந்தும் முழிக்கலாம். கதையில் உங்களுக்குப் பிடித்ததை முதலில் நீங்கள் சொல்லுங்கள், அவள் தன்னுடையதைச் சொல்ல வருவாள்.

ஆசை வரவேண்டும் என்பதற்காகப் பரிசு வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒரு புத்தகம் முடித்தால் ஒரு சாக்லேட் என்று பல வீடுகளில் ஒப்பந்தம் போடுகிறார்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. படம் வரைவதில் விருப்பமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், மற்றப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் இவர்கள் செலவிட்டார்கள். பிடித்துச் செய்த காரியம் கூலிக்குச் செய்யும் காரியமாக மாறிவிட்டது. ஆகவே சாக்லேட் வேண்டாம். அதுபோல 'சேட்டை பண்ணினா ரெண்டு பக்கம் வாசி' என்று புத்தகத்தைத் தண்டனையாகவும் கொடுக்க வேண்டாம். புத்தகம் சம்பந்தமாகவே ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால், கடைக்குக் கூட்டிப்போய் அடுத்த புத்தகத்தை அவளையே எடுக்கச் சொல்லுங்கள்.

எடுக்கும் உரிமை அவளுடையதாக இருப்பது அவசியம். நீதிக்கதையும் தலைவர்கள் வரலாறும் நாம் விரும்பி வாங்குபவை. அவள் பேய்க்கதையோ விடுகதையோ டைனோசர் படமோ கேட்கலாம். சிரிப்புத் துணுக்கும் படக்கதையும் வாசிப்புத்தான். கடைப் பலகை, பஸ்ஸின் ஊர்ப்பெயர், பிஸ்கட் பாக்கெட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வாசிப்புத்தான். மாமியாருக்குக் கண்ணாடி கைக்கு எட்டாத நேரத்தில் மாத்திரை அட்டையையோ பேப்பர் தலைப்பையோ அவளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தான் வாசிப்பதால் வீட்டுக்கு ஒரு காரியம் ஆகிறது என்று தெரிந்தால் எந்தப் பிள்ளைக்கும் ஒரு பெருமிதம் வரும்.

புத்தகத்துக்கு நிறையச் செலவழிக்க வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டவை. டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். துறை வெளியிடும் 'ஊஞ்சல்' இதழ் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. சென்னையில் உள்ள தூலிகா பதிப்பகம் 1996 முதல் தமிழிலும் மற்ற மொழிகளிலும் அழகான படப் புத்தகங்கள் போடுகிறது. 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட்டின் குழந்தைகள் புத்தகங்கள் விலை குறைவு, புத்தகக் கண்காட்சிகளில் கிடைக்கும். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அவள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். மதுரைப் பக்கம் போகும்போது 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே மற்றப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதே ஒரு தூண்டுதல். செல்போனையும் இதற்குப் பயன்படுத்தலாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஏராளமான தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில், இலவசமாக இருக்கின்றன. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தால் திரையும் புத்தகமாகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆறு மாதம் பொறுமையாக வாசித்துக் காட்டியும் எழுத்துகளையே மாற்றி மாற்றி வாசிப்பது, நேற்று நன்றாகத் தெரிந்த சொல் இன்று முற்றிலும் புதிதாகத் தோன்றுவது, வாயால் சொல்வதில் கெட்டியாக இருந்துகொண்டு எழுதுவதிலும் வாசிப்பதிலும் மட்டும் வெகுவாகப் பின்தங்குவது ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அறிவில் குறையில்லாமல், எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மட்டும் வரும் சிரமத்துக்கு அந்தப் பெயர். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு, பயிற்சிக்குப் பலனும் உண்டு. நீங்கள் எழுதியதில் அந்த அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. தடுமாறாமல் ஒலிப்பதே அதற்கு எதிரான சாட்சி.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும் என்று நாள் குறித்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் எதைப் பார்த்து மாற்றம் என்று கண்டுகொள்வது என்று சொல்ல முடியும். வேகத்தைப் பார்க்காதீர்கள். வாசிக்கும்போது இடையில் நின்று சிரிக்கிறாளா, 'ஐயையோ' என்கிறாளா, முன்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறாளா, 'இது எப்படிம்மா?' என்று சண்டைக்கு வருகிறாளா என்று பாருங்கள். பேச்சில் திடீரென்று 'ஏராளமான' என்றோ 'அமர்ந்து' என்றோ ஒரு சொல் எட்டிப்பார்த்தால் புத்தகத்தின் தமிழ் அவளுடையதாகத் தொடங்கிவிட்டது. அப்போது அவளாகவே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போவாள். போகட்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி இரவு 15 நிமிட வாசிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரையாவது தொடருங்கள். மூன்று நாள் சோதனையில் என்ன தெரியவந்தது என்பதை டீச்சரிடமும் சொல்லுங்கள். 40 பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்க்கிற அவருக்கு, உங்கள் மகளைப் பற்றி நீங்கள் கண்டுபிடித்த அந்த ஒரு விஷயம் பெரிய உதவியாக இருக்கும்.